தூணுக்குப் பின்னாடி சீட்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நானும் உன் அத்தானும் நல்லா இருக்கோம். நீ நேரத்துக்குச் சாப்பிடறியா, தூங்கறியான்னு கேட்கணும். கேட்டுட்டேன். இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன்ல பேசினா சண்டைதான் வருது, யாராவது ஒருத்தர் நடுவுல டொக்குன்னு வெச்சுடறோம், இனிமே தொடரைப் பத்தி எதுவா இருந்தாலும் கடிதத்துல எழுதுன்னு நீதானே சொன்னே? சரி. கடிதத்தை நடுவுல வெட்ட முடியாது. முழுசாப் படி.

டிவியில என் தம்பி கதை வருதுன்னு பெயிண்ட் கடையில எல்லார்கிட்டயும் பீத்தி வெச்சிருக்கேன். கலர் கலக்குற மெஷின் முன்னால நின்னா உன் பெருமைதான் பேச்சு. இப்ப வாரம் ஒரு தடவை எனக்குத்தான் மானம் போகுது. "பதினோராம் மாடி"ன்னு ஜோராப் பேர் வெச்சே. அந்தக் காவலாளி கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சுட்டான் இல்ல? போன்ல சொல்லித் தொலைச்சா என்ன? "நேர்ல வாங்க, சொல்றேன்"ங்கறான். உன் தொடர்ல "நேர்ல சொல்றேன்"னு எவன் வாயைத் திறந்தாலும் அடுத்த காட்சியில அவன் பொணம். எங்க கடையில லோடு இறக்கறவர் கூட சொல்றார், "இவன் இன்னைக்குக் காலி"ன்னு.

அவனாவது ஒழுங்காச் செத்தானா? ரத்தத்துல கொலைகாரன் பேரோட முதல் எழுத்தை எழுதறானாம். முழுப் பேரை எழுத நேரமில்லையாம், ஆனா அந்த எழுத்தைச் சுத்தி வட்டம் போட நேரம் இருக்காம்! உன் துப்பறியறவன் வீட்டுக்குள்ளயும் தொப்பியைக் கழட்ட மாட்டேங்கறான். புருஷனைப் பறிகொடுத்தவ கதறிக்கிட்டு நிக்கறா, இவன் ஏதோ பழைய படத்து வசனத்தை அவகிட்ட பேசிக் காட்டறான். நானா இருந்தா துடைப்பத்தை எடுத்திருப்பேன். இன்னொண்ணு, படம் முழுக்க ஏன் இப்படி இருட்டா எடுக்கறீங்க? யார் எங்க நிக்கறான்னே தெரியல. அந்த வீட்டுல ஒருத்தருக்கும் லைட் போடத் தெரியாதா?

சின்ன வயசுல தியேட்டர்ல தூணுக்குப் பின்னாடி சீட்டுதான் எப்பவும் உனக்கு. வீட்டுல நீதானே கடைக்குட்டி. திரையில பாதியை அந்தத் தூண் முழுங்கிடும். நான் பக்கத்துல உட்கார்ந்து மீதியைக் காதுல சொல்லிக்கிட்டே இருப்பேன். நல்ல கதை எதுன்னு அப்பவே உனக்கு ஊட்டி விட்டிருக்கேன். அதெல்லாம் எங்கடா போச்சு?

தொடர்ல அந்த லிஃப்ட்காரர் ஒருத்தர்தான் எனக்குப் பிடிச்சவர். எல்லாரையும் "பார்த்து வாங்கம்மா"ன்னு சொல்றார் பாரு, மனுஷன்! அவரை மட்டும் ஏதாவது பண்ணினே, கிளம்பி அங்க வந்துடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.
கோபமா இருக்கிற உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா இருக்கேன்னு எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் படிச்சதுக்கு அப்புறம் அப்படி எழுத முடியல. அத்தானை விசாரிச்சதாச் சொல்லு.

அக்கா, இது நான் ஒருத்தன் உட்கார்ந்து எழுதற கதை இல்ல. கண்ணாடிச் சுவர் வெச்ச ஒரு அறை. உள்ள போறப்பவே கதை வெளிய கசியக் கூடாதுன்னு போனைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க. சுவர் முழுக்க வெள்ளைப் பலகை, அதுல கலர் கலரா ஒட்டுத்தாள். தயாரிப்பாளரம்மா வருவாங்க, நின்னுக்கிட்டே படிப்பாங்க, "விளம்பரத்துக்கு முன்னால யாருமே கதவைத் தட்டலையே?"ன்னு கேட்பாங்க. நான் உடனே ஒருத்தனைக் கதவு தட்ட விடணும். நீ கேட்ட இருட்டு, அப்புறம் இடி மின்னல், எல்லாம் அவங்களோட ஆசை. தொப்பி, நடிகரோட ஆசை. அவருக்கு முன்னால முடி இல்ல, இதை யார்கிட்டயும் சொல்லாதே. பழைய பட வசனம் மட்டும் என்னோடது. பார்க்கறவங்க "அட, இது அந்தப் படத்துல வந்தது"ன்னு சோபாவுல நிமிர்ந்து உட்கார்றாங்க. அந்தச் சந்தோஷம் உனக்குப் புரியாது.

பெரிசா என்னைக் கதை சொல்லி வளர்த்தேன்னு எழுதியிருக்கே! தூணுக்குப் பின்னாடி நீ சொன்ன கதையோட லட்சணம் எனக்குத் தெரியும். அந்தப் பங்களா படம் ஞாபகம் இருக்கா? மீசை வெச்ச மாமனார்தான் கொலைகாரன்னு என் காதுல சொன்னே. வருஷக்கணக்கா அதை நம்பிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் டிவியில போட்டான், உட்கார்ந்து பார்த்தா கொலை பண்ணினது தோட்டக்காரன்! மாமனார் பாவம், படம் முழுக்க பேப்பர்தான் படிக்கறார். கண்ணெதிர்ல நடந்ததையே மாத்திச் சொன்னவ நீ, எனக்குப் பாடம் எடுக்கறே.

இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். இங்க எல்லாரும் "பிரமாதம்"னு சொல்லிட்டுப் போயிடறாங்க. உள்ளதை உள்ளபடி சொல்ற ஆள் நீ ஒருத்திதான். அதனால திட்டறதை நிறுத்தாதே. ஆறாவது வாரத்தைக் கண்டிப்பாப் பாரு. செத்தவனோட பூட்டின வீட்டுக்குள்ள ஒரு ஆள் நுழையறார். ஒரு வசனம் கிடையாது. முகம் மட்டும்தான், திரை முழுக்க. வாழ்க்கையில நான் எழுதினதுலயே உருப்படியான காட்சி அதுதான்.

ஒரு ரகசியம், அத்தானுக்குத் தெரிய வேண்டாம்: தொடர்ல குறட்டை விட்டே மாடியை அதிர வைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் அவரேதான். அந்த விசில் சத்தம் வரைக்கும் நடிகருக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்.

உன் தம்பி

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா? குளிர்ல வெளிய போனா காதை மூடிக்கோ.

உன் உருப்படியான காட்சியைப் பார்த்தாச்சு. வசனமே இல்லாம ரொம்ப நேரம் வயலினை இழுத்துக்கிட்டே இருந்தீங்க. எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். சரி, வக்கீல் எதுக்கு அந்த வீட்டுக்குள்ள போனான்? போன வாரம்தான் அவன் வெளியூர்ல ஆஸ்பத்திரியில கிடந்தான்! காலு உடைஞ்சவன் எப்படிப் பூனை மாதிரி நடந்து வர்றான்? இவ்வளவு பெரிய ஓட்டையை வெச்சுக்கிட்டு உங்க வெள்ளைப் பலகையில என்னத்தைத்தான் ஒட்டறீங்க? அதுக்கு அடுத்த காட்சியில யாரோ "ஓ, நீங்களா"ன்னு சொன்னாங்க. யாரு சொன்னா, யாரைப் பார்த்துச் சொன்னா? பேரைச் சொன்னா நாக்கு வெந்துடுமா?

எனக்கு இருக்கற எரிச்சலுக்கு நீ வேற. கடையில ஒரு பொம்பளை வந்து கத்திட்டுப் போனா. வெளிர் நீலம் கேட்டாளாம், நான் கலக்கிக் கொடுத்தது வெளிர் பச்சையாம். வீடு முழுக்க அடிச்சதுக்கு அப்புறம் வந்து சொல்றா! இத்தனை வருஷத்துல நான் கலக்கின கலரை ஒருத்தர் குறை சொன்னது கிடையாது. முதலாளி கொஞ்ச நாள் பில் போடற பக்கம் உட்காருங்கன்னு சொல்லிட்டார். நல்லதுதான், நின்னு நின்னு காலும் வலிக்குது.

அத்தான் நல்லா இருக்கார்.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். எந்தத் தொடரைப் பார்த்தே நீ?

வக்கீலா? வக்கீலா?! அது டாக்டர்! திரை முழுக்க டாக்டர் முகம். நெத்தி வேர்வை தெரியுது, மூக்குல இருக்கற மச்சம் தெரியுது. ஊரே டாக்டரைப் பத்திதான் பேசுது. பஸ்ல பக்கத்துல நின்னவர் என்கிட்டயே "டாக்டர்தான் சார்"ன்னு சொல்றார். என் சொந்த அக்கா வக்கீல்ங்கறா! ஒரு வார்த்தை பேசாம ஒரு மனுஷனோட பயத்தைக் காட்டணும்னு அந்தப் பக்கத்தை எத்தனை தடவை கிழிச்சுக் கிழிச்சு எழுதினேன் தெரியுமா? நீ அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டுக் காய் நறுக்கிக்கிட்டே பார்த்திருப்பே. பார்க்கறதா இருந்தா உட்கார்ந்து பாரு. இல்லைன்னா பார்க்கவே பார்க்காதே.

அப்புறம் அது என்ன எழுத்து? மார்க்கர் பேனாவுல பக்கத்துக்குப் பத்து வரி, ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கு. கோபத்தைக் காட்டணும்னா வார்த்தையில காட்டு. விளம்பரத் தட்டி மாதிரி எழுதி அனுப்பாதே.

தம்பி

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நலம். நீ நலமா இருக்கணும். நான் கடிதம் எழுதி ரொம்ப நாளாச்சு, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோ.

உன் அக்கா உன் கடிதத்தைக் கேட்டுட்டு அன்னைக்குச் சாப்பிடல. அதனால நான் எழுதறேன். வக்கீல்னு சொன்னது அவ இல்ல, நான். காலையில சீக்கிரம் எழுந்து லிஃப்ட் ரிப்பேருக்குப் போறவன் நான், உங்க தொடர் வர்ற நேரத்துக்கு எனக்குக் கண்ணு சொக்கிடும். திடீர்னு "யாருங்க அது, யாருங்க"ன்னு இடுப்புல குத்தினா. முழிச்சுப் பார்த்தேன். கருப்புக் கோட்டு, கண்ணாடி. உங்க வக்கீலுக்கும் கருப்புக் கோட்டு, கண்ணாடி, டாக்டருக்கும் அதேதான். வக்கீல்னு சொல்லிட்டேன். எனக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரியறாங்க.

உன்கிட்ட ஒரு வேண்டுகோள். கொஞ்சம் வசனம் சேர்த்து எழுதேன். உள்ள வர்றவன் "நான்தான் டாக்டர் வந்திருக்கேன்"னு சொல்லிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை குறையும். யார் எந்தப் பக்கம் பார்க்கறா, கையில என்ன வெச்சிருக்கா, சிரிக்கறாளா, முறைக்கறாளான்னு வாரா வாரம் சொல்லி எனக்குத் தொண்டை காய்ஞ்சு போகுது. நான் ஏன் சொல்லணும்னு கேட்காதே. அதை எழுதக் கூடாதுன்னு உத்தரவு. அடுத்த வாரம் ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு ஒரு இடத்துக்குப் போறோம். அதையும் எழுதக் கூடாதாம்.

குறட்டை விடறவர் நான்தான்னு தெரிஞ்சுக்கிட்டேன். அத்தானுக்குத் தெரிய வேண்டாம்னு எழுதியிருந்தே. அந்த வரியை உன் அக்காவுக்குச் சத்தமாப் படிச்சதே நான்தான்.

இன்னொண்ணு, லிஃப்ட் கயிறு அறுந்தா உங்க தொடர்ல காட்டின மாதிரி விழாது. பிரேக் பிடிச்சுக்கும். அதுக்குன்னு இருக்கு.

அக்கா நல்லா இருக்கா. அப்படித்தான் எழுதச் சொன்னா.

அத்தான்

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம்னு நம்பறேன். போன கடிதத்துல கொஞ்சம் அதிகமாக் கத்திட்டேன். இங்க இருக்கற எரிச்சலை உன் தலையில கொட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதே.

அத்தான் என்னென்னமோ எழுதியிருக்கார்! உத்தரவாம், ஒரு இடமாம், எழுதக் கூடாதாம். நான் யாரு, மர்மத் தொடர் எழுதறவன், என்கிட்டயா? துப்பறிஞ்சுட்டேன். நீங்க ரெண்டு பேரும் லீவு போடறீங்க, நீ பில் பக்கம் உட்கார்ந்து வேலையைக் குறைச்சுக்கறே, எதையும் சொல்ல மாட்டேங்கறீங்க. வீடு மாத்தப் போறீங்க, சரியா? எனக்கு ஒரு அறை இருக்கற மாதிரிப் பாரு.

இப்ப உன்னைக் கொதிக்க வைக்கிற ஒரு செய்தி. துப்பறியறவனுக்கு ஒரு அக்கா இருக்கால்ல, வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறவ? உன்னை நினைச்சு எழுதினவதான். தயாரிப்பாளரம்மா அவளுக்கு "ஒரு சோகம்" வேணும்னு கேட்டாங்க. ஒரு வாரம் அலசினோம். கடைசியில பச்சை ஒட்டுத்தாள்ல "அக்காவுக்குப் பார்வை போகிறது"ன்னு எழுதி ஒட்டியாச்சு. அதிர்ச்சியில கண்ணு போயிடும். கடைசி வாரம் கொலைகாரன் தள்ளி விடுவான், தலையில அடி, பார்வை திரும்பிடும், அவன் முகத்தைப் பார்த்துடுவா! இது எத்தனை படத்துல வந்ததுன்னு நீ பட்டியல் போடுவே. போடு. எனக்கும் பிடிக்கல, ஆனா பலகையில ஒட்டினது ஒட்டினதுதான். திட்டி எழுது, காத்துக்கிட்டு இருக்கேன்.

உன் தம்பி

ஏப்ரல் 5

அக்கா,

நலமா? ஏன் பதிலே இல்ல? பார்வை போற வாரம் வந்து போயாச்சு. நீ பக்கம் பக்கமா எழுதுவேன்னு பார்த்தேன். கோபமா இருந்தா கோபமா இருக்கேன்னாவது எழுது. நீ திட்டாம இருக்கறதுதான் பயமா இருக்கு.

தம்பி

ஏப்ரல் 18

தம்பிக்கு,

நலம்தான். நீ கேட்டே, திட்டறேன்.

கண்ணு போனவ எப்படி இருப்பான்னு உனக்கு எவன்டா சொன்னான்? ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டு, மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு, மேஜை நாற்காலியெல்லாம் உருட்டிக்கிட்டு நடக்கறா. லைட்டை அணைச்ச மாதிரி ஒரே நொடியில எல்லாம் இருட்டாம். பின்னால வயலின். அத்தானே டிவியை அணைச்சுட்டார்.

அப்படி இல்லடா. முதல்ல நேரா இருக்கறதெல்லாம் வளையும். கதவு நிலை, ஜன்னல் கம்பி, கடையில அடுக்கி வெச்சிருக்கற டப்பா, எல்லாம் தண்ணிக்கு அடியில இருக்கற மாதிரி நெளியும். கண்ணாடி மாத்தணும் போலிருக்குன்னு நினைச்சுக்குவா. அப்புறம் நடுவுல அழுக்கு மாதிரி ஒண்ணு. துடைச்சா போகாது. எதைப் பார்க்கறியோ அது மட்டும் இருக்காது. சுத்தி எல்லாம் இருக்கும். சுவர் இருக்கும், சோபா இருக்கும், வாசல்ல ஒரு ஆள் நிக்கறது தெரியும், மூஞ்சி மட்டும் இருக்காது. காதைப் பார்த்தா மூக்கு கொஞ்சம் தெரியும். ஆசையா மூக்குக்குத் திரும்பினா அதுவும் போயிடும். கட்டின புருஷன் முகத்தை ஓரக்கண்ணால திருட்டுத்தனமாப் பார்க்கணும். தெருவுல தெரிஞ்சவங்க சிரிப்பாங்க, இவ பேசாம போவா, "என்ன திமிரு பாரு"ன்னு பேசுவாங்க. நீலமும் பச்சையும் ஒண்ணாப் போயிடும். அவ எங்கயும் இடிச்சுக்க மாட்டா, விழ மாட்டா. அதனால யாருக்கும் தெரியாது. அவளா வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு. அதுதான் வர மாட்டேங்குது.

தலையில அடி பட்டா பார்வை வராது, வீக்கம்தான் வரும். ஊசி போடுவாங்க. கண்ணுலயே போடுவாங்க. அதுவும் மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத்தான். போனது போனதுதான்னு அந்த டாக்டரம்மா சொல்றப்ப வயலின் எல்லாம் வாசிக்கல, பக்கத்து அறையில யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க சொன்னது இதெல்லாம். தெரியாததை எழுதறதுக்கு முன்னால நாலு பேர்கிட்ட கேளு.

அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்துது. அதுக்கு அப்புறம் இந்த வருஷம் நீ எழுதினது எல்லாத்தையும் எடுத்து மேஜை மேல வரிசையாப் பரப்பி வெச்சுப் பார்த்தேன். அத்தான் எழுதினதையும் வெச்சேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். வீடு மாத்தறீங்கன்னு துப்பறிஞ்சவன் நான். என்னை எல்லாம் செருப்பால அடிக்கணும்.

உங்க பக்கத்து வீட்டம்மாவை நான் விசாரிச்சதாச் சொல்லு. அவங்க ஊசிக்குப் போறப்ப கூட யாராவது போறாங்களா? வலிக்குதா? ரெண்டு கண்ணுலயுமா? வேலைக்குப் போறாங்களா? அவங்களுக்கு ஒரு தம்பி இருந்தா, அவன்கிட்ட ஏன் சொல்லலன்னு கேளு. சொன்னா அவன் என்ன பண்ணிடுவான்னு பயந்தாங்க?

அலுவலகத்துல பச்சைத் தாளைக் கிழிச்சுட்டேன். தயாரிப்பாளரம்மாவுக்கும் எனக்கும் பெரிய ரகளை. பார்வை போனது போனதாவே இருக்கட்டும், தலையில அடியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டேன். முறைச்சாங்க. அப்புறம் "விளம்பரத்துக்கு முன்னால கதவைத் தட்டுவாங்கல்ல?"ன்னு கேட்டாங்க. தட்டுவாங்கன்னேன். சரின்னுட்டாங்க.

அடுத்த வாரத்துல இருந்து கேளு.

தம்பி

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்க நலம். நீ இளைச்சுட்டதா உன் குரல்லயே தெரியுதுன்னு எழுதலாம்னு பார்த்தேன், நாமதான் பேசறதே இல்லையே.

ரெண்டு வாரமாத் தொடருக்கு என்னாச்சு? எல்லாரும் கதவைத் திறக்கறப்பவே "டாக்டர், உட்காருங்க"ன்னு பேரோட கூப்பிடறாங்க. வக்கீல் வந்தா அவன் கைத்தடி டக் டக்குன்னு முன்னால வருது. தொப்பிக்காரன் விசிலடிச்சுக்கிட்டே வர்றான். அந்த அக்கா "உன் கையில என்ன, ஏன் சாவி சத்தம் கேட்குது?"ன்னு கேட்கறா. எங்க கடையில எல்லாரும், "என்னங்க, உங்க தம்பி ரேடியோ நாடகம் எழுத ஆரம்பிச்சுட்டாரா, ஒரே வளவளப்பு"ன்னு கேட்கறாங்க. கொஞ்சம் ஓவர்தான். லிஃப்ட்காரர் மாடிக்கு மாடி நம்பர் சொல்றார், அத்தானுக்கு ஒரே குஷி. ஆனா அவர் நிம்மதியாத் தூங்கினார். நான் தனியா உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். ஒருத்தரையும் இடுப்புல குத்தல.

பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டேன். ஊசிக்கு அவங்க வீட்டுக்காரர் கூடப் போறாராம். வலியை விட, ஊசி வர்றது தெரியறதுதான் கஷ்டமாம். வேலை இருக்கு, கடையில போன் எடுக்கற இடத்துல உட்கார வெச்சிருக்காங்களாம். தம்பிக்கு ஏன் சொல்லலன்னா, அவன் ஒரு அழுமூஞ்சியாம். சின்ன வயசுல இருந்தே.

நீ பங்களா படத்தைப் பத்தி எழுதினதுக்கு நான் பதிலே சொல்லல. மாமனார்தான் கொலைகாரன்னு நான் வேணும்னுதான் சொன்னேன். நீ அந்தத் தோட்டக்காரன் மேல உசிரா இருந்தே. அவன் அந்தச் சின்னப் பையனுக்குப் பட்டம் செஞ்சு கொடுப்பான், ஞாபகம் இருக்கா? அந்தப் பாதி உனக்குத் தெரிஞ்சுது. கொலை பண்றது தூணுக்கு அந்தப் பக்கம். அவன்தான்னு சொல்லியிருந்தா நீ வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே வந்திருப்பே. யாரு தூக்கிக்கிட்டு நடக்கறது? அதான் மாத்திட்டேன்.

அக்கா

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கறேன், இந்தத் தடவை உண்மையான பதில் வேணும்.

தோட்டக்காரன் விஷயம் படிச்சேன். அன்னைக்குப் பண்ணினதையேதான் நீ இன்னைக்கும் பண்ணிக்கிட்டு இருக்கே. எரிச்சலா வருது அக்கா. நீ நினைக்கற மாதிரி நான் இன்னும் தூணுக்குப் பின்னாடி இல்ல. என்னை யாரும் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டாம். அழறதா இருந்தா என் கால்ல நடந்துக்கிட்டே அழுதுக்குவேன். அந்தப் பக்கம் என்ன நடந்துதுன்னு மட்டும் சொல்லு. பக்கத்து வீட்டம்மா யாரு?

அடுத்த வாரம் தொடர் முடியுது. அன்னைக்கு நான் அங்க வர்றேன். உன் பக்கத்துல உட்கார்ந்து யார் வர்றா, என்ன முகம், எல்லாம் நானே சொல்றேன். கொலைகாரன் யாருன்னு இதுல எழுத மாட்டேன். உனக்குப் பிடிக்காது, அது மட்டும் தெரியும். நேர்ல சொல்றேன். பயப்படாதே, வர்ற வழியில சாக மாட்டேன்.

உன் தம்பி

மே 22

அன்புள்ள தம்பிக்கு,

சொல்றது அக்கா, எழுதறது லிஃப்ட் மெக்கானிக். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும்.

பக்கத்து வீடு ரெண்டு வருஷமாக் காலியா இருக்கு.

சொல்லிட்டேன், போதுமா? இடது கண்ணு முன்னாலயே போச்சு. வலதுல ஊசி போட்டுப் போட்டு இழுத்துப் பிடிச்சிருக்கோம். பயமாத்தான் இருக்கு. காலையில எழுந்ததும் முதல் வேலையா அத்தான் முகத்தைப் பக்கவாட்டுல பார்த்து, நேத்து தெரிஞ்சது இன்னைக்கும் தெரியுதான்னு கணக்குப் பார்க்கறேன். எழுதிக்கிட்டு இருக்கறவர் இப்ப மூக்கை உறிஞ்சறார், அதையும் எழுதுங்கன்னு சொன்னேன்.

வா. சோபாவுல நடுவுல உனக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன், இவர் ஓரமாத் தூங்கட்டும். சத்தமாச் சொல்லாதே, தியேட்டர்ல நான் சொன்ன மாதிரி காதுல சொல்லு. வேணும்னா நடுவுல திட்டுவேன், கண்டுக்காதே.

ஆனா ஒண்ணு. உள்ளதை உள்ளபடி சொல்லணும். எனக்குப் பிடிக்காதுன்னு நீ எழுதினப்பவே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த லிஃப்ட்காரராவே இருக்கட்டும், மாத்தாதே. எனக்கு அழுகை வந்தாலும் யாரும் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டிய தூரம் இல்ல. வீட்டுலதானே இருக்கேன்.

அக்கா